ஒரே கட்டையில் பல சீசர்கள்

அன்புள்ள ஐயா,

1493-இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் அச்சான உலக வரலாற்று நூலின் மறுபதிப்பைப் புரட்டினேன். ரோமப் பேரரசர்கள் பலருக்கு ஒரே முகம், தலையில் ஜெர்மன் மகுடம். அச்சிட்டவர்கள் வாசகரை ஏமாற்றினார்களா, வரலாறே தெரியாதவர்களா? 1586-இல் டச்சு ஓவியர் கோல்ட்சியுஸ் செதுக்கிய ரோம வீரர்களுக்கு ஏன் அவ்வளவு தசை?

கா.

அன்புள்ள கா.,

ஒரு வாரமாக நானும் அந்த நூலோடுதான் இருக்கிறேன். கோல்ட்சியுஸின் தசைகளை இப்போதைக்கு விடுங்கள். 'ஏமாற்று' என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

படம் செதுக்கிய சுமார் 645 மரக்கட்டைகளை வைத்து 1,800-க்கும் மேற்பட்ட படங்களை அச்சிட்டார் நூலின் அச்சகர் கோபர்கர். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக்கும் இத்தாலியின் நேப்பிள்ஸுக்கும்கூட ஒரே கட்டைதான். இதில் ஒளிவுமறைவு ஏது? நாலு தாள் தள்ளினால் யார் கண்ணிலும் படும். சின்ன வயதில் விடுமுறைக்கு மாமாவின் அச்சகத்தில் நின்றிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் ஒரே பிள்ளையார் பிளாக். தும்பிக்கை நுனியில் சில்லு பெயர்ந்து, கோடு அங்கே மட்டும் அறுந்து விழும். எங்கள் வீட்டுக்கு வேறு பிள்ளையார் போடு என்று ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை.

அப்புறம் அந்த மகுடம். நூலை எழுதிய ஷேடல் இத்தாலியின் பதுவாவில் படித்த மருத்துவர், வீடு நிறையப் புத்தகம் சேர்த்தவர். அவருக்கா வரலாறு தெரியாது? 1452-இல் ரோமிலேயே போப் கையால் முடிசூடிய ஜெர்மன் அரசர் மூன்றாம் ஃபிரெட்ரிக், நூல் வந்த அதே வருடம்தான் இறந்தார். 'ரோமப் பேரரசர்' என்பதுதான் அவர் பட்டம். அந்த மனிதர்களுக்கு ரோமப் பேரரசு முடியவே இல்லை, தம்பி! முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் உட்கார்ந்த இடத்தில்தான் ஃபிரெட்ரிக்கும் உட்கார்ந்திருந்தார். பிறகு உடை மட்டும் எப்படி மாறும்?

குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். கி.மு. 44 பிப்ரவரியில், லூபர்காலியா விழாவில், தன் தோழர் ஆண்டனி நீட்டிய மகுடத்தைச் சீசர் ஊரார் முன் தள்ளிவிட்டார். ரோமில் 'அரசன்' என்பது வசவுக்குச் சமம். எதைத் தொட அவர்கள் அஞ்சினார்களோ, அதையே அவர்கள் தலையில் ஏற்றிவிட்டான் மரம் செதுக்கியவன். இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

1517-இல் ரோமில் ஆண்ட்ரேயா ஃபுல்வியோ வெளியிட்ட நூலையும் தேடிப் பாருங்கள். பழைய நாணயங்களைப் பார்த்துச் செதுக்கிய தலைகள். வட்டத்துக்குள் பக்கவாட்டு முகம், தலையில் வெறும் இலைமாலை. அதை நியூரம்பர்க் பக்கத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.