முதுகில் ஊசி போட்டபின் வரும் தலைவலிக்கு ‘பிளட் பேட்ச்’ செய்தால் என்ன சிக்கல் வரும்?

சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்ட சிலருக்கு, எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் அடங்கும். தண்டுவட உறையில் விழுந்த துளை வழியே நீர் கசிந்து, மூளைக்குத் தாங்கலாக இருக்கும் நீர் குறைவதுதான் காரணம். மாத்திரைக்கும் ஓய்வுக்கும் கேட்காவிட்டால், உங்கள் கையிலிருந்தே சுமார் 20 மில்லி ரத்தம் எடுத்து உறைக்கு வெளியே செலுத்துவார்கள். அது உறைந்து துளையை அடைக்கும். இதுதான் ‘பிளட் பேட்ச்’. மதுரைப் பக்கம் கண்மாய்க் கரையில் நண்டு வளை விழுந்தால் களிமண் திணித்து அடைப்பார்களே, அது போலத்தான்.

சரி, சிக்கல்கள்? செலுத்திய ரத்தம் அக்கம்பக்கத்தை அழுத்துவதால் முதுகுவலி அடிக்கடி வரும், சில நாளில் போய்விடும். சிலருக்குத் தலைவலி திரும்பவும் வந்து, இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும். ஊசி உறையில் மறுபடி துளை போட்டுவிடுவதும் உண்டு. கிருமித்தொற்று, நரம்பு அழுத்தம் மிக அரிது. ஆனால் அவைதான் ஆபத்தானவை. மேலூர், உசிலம்பட்டி என்று ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல், கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு என எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், ஊசி போட்டதும் தலையணை இல்லாமல் அசையாமல் படுத்திருந்தால் இந்தத் தலைவலி வரவே வராது என்பது தவறு. படுக்கை வலியைத் தணிக்கும், வராமல் தடுக்காது.