குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்க்கிறவர்களின் படிப்பு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு வந்திருந்த அந்தத் தாய், நாற்காலியில் அமர்வதற்கு முன்பே மகளின் மதிப்பெண் பட்டியலை என் மேசைமேல் வைத்தார். உள்நாட்டில் மருத்துவ இடம் கிடைப்பது அரிது என்பதால், வீட்டை அடமானம் வைத்தாவது வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் பெரியப்பா சொல்லியிருக்கிறார். மகள் எதுவும் பேசவில்லை. நல்ல மதிப்பெண்கள்தாம், கவலைப்படாதீர்கள் என்று முதலில் நானும் சொன்னேன். அடமானம் என்ற சொல் இரண்டாம் முறை வந்தபோது ஆறுதல் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

அம்மா, அந்த வீட்டின்மேல் கை வைக்காதீர்கள். வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்புகிறவர், இங்கே மருத்துவர்களைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. மன்றத்தின் தேர்வில் தேற வேண்டும். அதன் பிறகு பணியிடத்துக்கும் காத்திருக்க நேரலாம். அத்தனை காலமும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அதைக் கட்டப்போவது பெரியப்பா அல்ல, நீங்கள்.

கணக்கியல், சட்டம், மருந்தியல் பற்றியெல்லாம் உறவினர்கள் ஏற்கெனவே போதிய அளவு சொல்லியிருப்பார்கள். நான் பிடித்துக்கொள்வது நீங்கள் குறையாகச் சொன்ன ஒரு செய்தியை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் கட்டமைப்புகள் சிதைந்து டர்பன் கடற்கரைகள் மூடப்பட்ட நாள் முதல், எது திறந்தது, எது மீண்டும் மூடப்பட்டது என்று உங்கள் மகள் ஒரு நோட்டில் குறித்து வருகிறாள்; படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டீர்கள். அந்தக் குறிப்பெடுக்கும் ஆர்வத்துக்கே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது.

சுற்றுச்சூழல் சுகாதாரம் என்பது அதன் பெயர். நம் பெரியவர்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் என்பார்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு, அதன்பின் சம்பளத்தோடு ஓர் ஆண்டு கட்டாயச் சமூகப் பணி. இங்கே மருத்துவராக வேண்டுமானால் ஆறு ஆண்டுப் படிப்பு, இரண்டு ஆண்டுப் பயிற்சி, ஓர் ஆண்டுச் சமூகப் பணி என்று ஒன்பது ஆண்டுகள் ஆகும்.

2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் குடிநீர்ச் சோதனை, உணவுக் கட்டுப்பாடு, கழிவு மேலாண்மை, தொற்றுநோய்க் கண்காணிப்பு, பூச்சி, எலிக் கட்டுப்பாடு, மாசுக் கட்டுப்பாடு, இறந்தோர் உடல் அகற்றம் ஆகியவற்றைப் பெருநகராட்சிகளிடமும் மாவட்ட நகராட்சிகளிடமும் ஒப்படைத்திருக்கிறது. 2018-இல் வந்த உணவு விதிகளின்படி, ஏற்புச் சான்றிதழ் இல்லாமல் எந்த உணவுக்கூடமும் இயங்கக் கூடாது. சூடாக விற்கும் பண்டம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. வெப்பமானியோடு சமையலறைக்குள் நுழைந்து, தேவையானால் அதை மூடும்படி உத்தரவிடும் அதிகாரம் இந்த ஆய்வாளருடையது. (நம் ஊர்க் கல்யாண மண்டபப் பிரியாணி அண்டாக்களை நினைத்துப் பாருங்கள்.)

எலி பிடிக்கிற வேலை என்று பெரியப்பா சிரித்தாராம். எலியும் அதில் உண்டுதான். 2017-18இல் இந்நாட்டில் லிஸ்டீரியா கிருமியால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கிருமி எந்த உணவில் இருக்கிறது என்று பல மாதங்கள் தெரியவில்லை. 2018 ஜனவரியில் சொவெட்டோவின் ஒரு குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகள் மருத்துவமனைக்கு வந்தபோது, மருத்துவர்கள் சந்தேகப்பட்டனர். சுகாதார ஆய்வாளர்கள் அந்தக் காப்பகத்துக்கே போய்க் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியை மாதிரி எடுத்தனர். அந்தத் துப்பு உற்பத்தி ஆலை வரை போய், மார்ச் 4 அன்று மூலம் எது என்பதை அமைச்சர் அறிவித்தார்.

குறையையும் மறைக்க மாட்டேன். பத்தாயிரம் பேருக்கு ஓர் ஆய்வாளர் என்பது தேசிய அளவுகோல். பல நகராட்சிகள் அதை எட்டவில்லை என்றாலும், நிதி ஒதுக்கினால்தான் பணியிடம் நிரம்பும் என்பதால் சமூகப் பணி முடித்தவர்களும் சில சமயம் காத்திருக்கிறார்கள். எனவே டர்பனின் பெருநகராட்சியான எத்தெக்வினியோடு நின்றுவிடாமல், அதை அடுத்துள்ள ஐலெம்பே, உகு மாவட்டங்களுக்கும் விண்ணப்பிக்க அவள் தயாராக இருக்க வேண்டும். இந்த வேலைக்கு ஓட்டுநர் உரிமம் பெரும்பாலும் கேட்கப்படுவதால், பணம் செலவழித்தே தீர வேண்டும் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்கு மேற்படாவிட்டால், அரசுப் பல்கலைக்கழகப் படிப்புக்கு என்ஸ்ஃபாஸ் என்னும் அரசு மாணவர் நிதியுதவித் திட்டத்தில் உதவி கேட்கலாம். கடனைப் பற்றிப் பேசும் முன் அதற்கு விண்ணப்பியுங்கள்.

முதல் விருப்பம் என்ற கட்டத்தை அவளே நிரப்பட்டும். பெரியப்பா தொலைபேசியில் இருக்கும்போது வேண்டாம். அடுத்த முறை வரும்போது அந்தக் கடற்கரை நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.