புகழ் உயிருக்கு ஆபத்தா?

கேள்வி: பிரபலமானவர்கள் நம்மைவிட அதிகமாகக் கொல்லப்படுகிறார்களா, இல்லை, செய்தி பெரிதாக வருவதால் அப்படித் தோன்றுகிறதா?
– கல்லூரி மாணவி, திருவாரூர்

பதில்: இரண்டும் உண்மைதான் அம்மா. நடிகர், பாடகர் என்று பொதுவாக எடுத்தால் யாரையெல்லாம் பிரபலம் என்று எண்ணுவது? அதனால் ஆள் கணக்கு துல்லியமாகத் தெரிந்த ஒரு வரிசையை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்க அதிபர்கள்.

இதுவரை அந்த நாற்காலியில் அமர்ந்தவர்கள் 45 பேர். பதவியில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 4 பேர்: லிங்கன் (1865), கார்ஃபீல்டு (1881), மெக்கின்லி (1901), கென்னடி (1963). பதினோரு பேருக்கு ஒருவர்! 1789 முதல் சுமார் 236 ஆண்டுகளில் 4 கொலை என்றால், ஆண்டுக்கு லட்சத்துக்கு ஏறக்குறைய 1,700 என்ற விகிதம். அந்நாட்டுச் சாதாரண மக்களுக்கு அண்மைக் காலத்தில் அது 5 முதல் 7. நாலே சம்பவங்களை வைத்துப் போட்ட கணக்குதான். ஆனால் 240 மடங்கு வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

யார் வேண்டுமானாலும் கிட்டே வரலாம் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மெக்கின்லியைப் பாருங்கள். பஃபலோ நகரக் கண்காட்சியில் பொதுமக்களோடு கைகுலுக்கும் நிகழ்ச்சி. வேண்டாம் என்று அவருடைய செயலாளர் நிகழ்ச்சி நிரலிலிருந்தே அதை எடுத்துப் பார்த்தார், அதிபர் கேட்கவில்லை. வரிசையில் வந்த ஒருவன் கையில் கைக்குட்டை சுற்றியிருந்தான். ஏதோ காயம் போலிருக்கிறது என்று தோன்றும். அதிபர் கையை நீட்டினார். கைக்குட்டைக்குள் துப்பாக்கி. இரண்டு குண்டுகள், எட்டாம் நாள் உயிர் போயிற்று. அப்புறம்தான் அதிபருக்கு முழுநேரக் காவல் வந்தது.

சுட்டவன் அவருக்கு முன்பின் தெரியாதவன். சாதாரண ஜனங்களின் கதை வேறு. 2022-ல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் காரணங்களில் முதலில் நிற்பது தகராறு: நிலம், பணம், குடும்பச் சண்டை. அந்த அட்டவணையைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 78 வழக்குகள். அவற்றில் பெரும்பாலானவை நாளிதழில் ஆறு வரியோடு முடிந்துபோகின்றன. செய்தி பற்றிய உங்கள் சந்தேகமும் சரி என்றது இதனால்தான்.