பிடிஎஃப் என்று பிரவுசர் காட்டிய கோப்பு வேறொன்றாக இருக்க முடியுமா?

பிடிஎஃப் என்று நினைத்து இறக்கிய கோப்பைத் திறந்ததும் ஏதோ நிறுவ அனுமதி கேட்கிறது, பிரவுசர் காட்டிய பெயர் பொய்யாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். இப்போதைக்கு அனுமதி கொடுக்காதீர்கள்.

பதிவிறக்கப் பெட்டியில் நாம் படிக்கும் பெயர் பெரும்பாலும் எதிர்முனை சர்வர் சொல்லி அனுப்புவதுதான். பெயர் ஒரு வரியில் வரும், கோப்பின் வகை இன்னொரு வரியில் வரும். இவற்றை பிரவுசர் சரியாகக் கையாளாவிட்டால் அங்கேதான் ஓட்டை. 2001 டிசம்பரில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த திருத்தம் இந்த வகைதான். அந்தப் பெட்டியில் தெரியும் பெயரையே மாற்றிக் காட்ட முடிந்திருக்கிறது.

எனக்கு மிகவும் ஆபத்தாகத் தெரிவது இன்னொன்று. அரபி, ஹீப்ரு போன்ற மொழிகள் வலமிருந்து இடமாக எழுதப்படுவதால், எழுத்தின் திசையைத் திருப்ப யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினிகள் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டில், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கிறது. அதைக் கோப்பின் பெயருக்கு நடுவே செருகினால், அதற்குப் பின் வரும் எழுத்தெல்லாம் திரையில் கடைசியிலிருந்து முதலாக, வரிசை மாறித் தெரியும். 'எஃப்டிபி.இஎக்ஸ்இ' (fdp.exe) என்று முடியும் பெயர் 'இஎக்ஸ்இ.பிடிஎஃப்' (exe.pdf) என்று தெரியும். படிப்பவருக்கு அது ஆவணம், விண்டோஸுக்கு அது இயக்க வேண்டிய நிரல். ஃபயர்ஃபாக்ஸ் இதை 2009இல், 3.5.4 பதிப்பில் சரிசெய்தது. ஆனால் ஜிப் கோப்புக்குள் இருக்கும் பெயர்களை பிரவுசர் தொடுவதில்லை. அதனால் இந்தத் தந்திரம் இன்னும் சாகவில்லை.

போதாததற்கு, தனக்குத் தெரிந்த நீட்டிப்புகளை, அதாவது பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின் கோப்பின் வகையைச் சொல்லும் எழுத்துகளை, விண்டோஸே மறைத்து வைக்கிறது. 2000ஆம் ஆண்டு மின்னஞ்சலில் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் அதை வைத்துத்தான் உரைக் கோப்பு வேடம் போட்டது. இந்த அமைப்பை இன்றே மாற்றிவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

அப்புறம், பதிவிறக்கிய கையோடு 'திற' என்பதை அழுத்த வேண்டாம். முதலில் சேமியுங்கள். கோப்புறையில் விவரப் பட்டியலுக்குப் போய் 'வகை' என்ற பத்தியைப் பாருங்கள். பெயர் எப்படித் தெரிந்தாலும் அங்கே உண்மையான நீட்டிப்பின்படிதான் காட்டும். 'அப்ளிகேஷன்' என்று இருந்தால் உடனே அழித்துவிடுங்கள். ஐகானை நம்பாதீர்கள், நிரலை எழுதுபவர் விரும்பிய படத்தை அதில் வைக்கலாம்.

ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டீர்கள் என்றால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாமல் வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், மின்னஞ்சலிலிருந்து தொடங்கி.