அம்மாவின் போனுக்கு ஸ்டாக் ஆண்ட்ராய்டு தேவையா?

கேள்வி: காரைக்குடியில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு 61 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிக் கொடுத்த போனில் பூட்டுத் திரையிலேயே விளம்பரம் வருகிறது. கேட்காத ஆப்பெல்லாம் தானாக வந்து உட்காருகிறது. மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் சில நாள் அடிப்பதே இல்லை. 'ஸ்டாக் ஆண்ட்ராய்டு', அதாவது போன் நிறுவனம் பெரிதாக மாற்றாத ஆண்ட்ராய்டு உள்ள போன் வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது என்கிறார் கடைக்காரர். இருக்கிற போனிலேயே அதை ஏற்றிவிடலாம் என்கிறான் தம்பி. எதைச் செய்வது?

பதில்: முதலில் தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டின் மூல நிரலிலிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கும் லினியேஜ் ஓஎஸ் போன்ற ஒன்றை ஏற்ற வேண்டுமானால், போன் எந்த மென்பொருளோடு தொடங்கலாம் என்று காவல் காக்கும் பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறக்கும்போதே போனில் உள்ள படங்கள், செய்திகள் எல்லாம் அழிந்துவிடும். அதற்குப் பிறகு, வங்கி ஆப்கள் பல அந்தப் போனை நம்ப மறுத்துத் திறக்காமல் நின்றுவிடும். தனியாக இருக்கும் அம்மா யூபிஐயில் பணம் அனுப்ப முடியாமல் தவிக்கும் நிலை வரக்கூடாது.

அடுத்து, கடைக்காரர் சொன்னது. ஆண்ட்ராய்டின் மூல நிரல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக் கூடியது. ஆனால் அதில் பிளே ஸ்டோர் இல்லை, மேப்ஸ் இல்லை. சுவரும் கூரையும் மட்டும் எழுப்பிய வீடு மாதிரி. நாம் ஸ்டாக் என்று சொல்வது, அதன் மேல் கூகுளின் ஆப்களை வைத்து, வேறு பெரிய மாற்றம் செய்யாமல் விற்பதை. கூகுளின் பிக்ஸல் போனில்கூட கூகுள் தனக்கென்று சேர்த்த வசதிகள் நிறைய உண்டு. சாம்சங்கின் ஒன் யூஐ, ஷாவ்மியின் ஹைப்பர் ஓஎஸ் போன்றவை அதே அடித்தளத்தின் மேல் அந்தந்த நிறுவனம் கட்டிய மாடிகள்.

அந்த மாடியெல்லாம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆப்களைப் பார்க்கும் வசதியை சாம்சங் 2012-லேயே நோட் 2 போனில் கொடுத்தது. ஆண்ட்ராய்டில் அது நேரடியாக வந்தது 2016-ல்தான். வயதானவர்களுக்கு எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் ஈஸி மோட், ஒரே போனில் இரண்டு வாட்ஸ்ஆப் போன்றவையும் நிறுவனங்கள் சேர்த்தவையே. உங்கள் அம்மாவுக்கு ஈஸி மோட் நிச்சயம் உதவும்.

இப்போது மாத்திரை விஷயம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பேட்டரி நீண்ட நேரம் நிற்க வேண்டும் என்பதற்காகப் பல நிறுவனங்கள், பின்னணியில் ஓடும் ஆப்களை ஈவு இரக்கமில்லாமல் மூடிவிடுகின்றன. அந்த வரிசையில் நினைவூட்டும் ஆப்பும் மாட்டிக்கொள்ளும். செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒன்று இருந்தால் அதையும் இயக்குங்கள். சாம்சங் போனாக இருந்தால் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். இதையெல்லாம் விட உறுதியான வழி, போனோடு வந்த கடிகார ஆப்பிலேயே மாத்திரை நேரங்களுக்கு அலாரம் வைப்பது. அதை போன் பொதுவாக மூடாது.

விளம்பரத்துக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள், போதும். பூட்டுத் திரையில் வரும் படங்களும் செய்திகளும் பெரும்பாலும் கிளான்ஸ் போன்ற ஒரு சேவையால் வருபவை. லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். பிளே ஸ்டோர் தவிர நிறுவனத்தின் சொந்த ஆப் கடை ஒன்று இருக்கும். தானாக ஆப் வந்து சேர்வது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். அதன் அறிவிப்புகளை நிறுத்தி, முடிந்தால் அந்தக் கடையையே முடக்குங்கள். 'ரெகமெண்டேஷன்' என்ற சொல்லை செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் தட்டி, வருகிற எல்லாவற்றையும் அணையுங்கள்.

இவ்வளவு செய்தும் சரியாகவில்லை என்றால் புதிய போன் பார்க்கலாம். ஆனால் ஸ்டாக் என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் அந்த ஒரே காரணத்துக்காக ஒரு போன் வாங்கினோம். வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரே ஒரு புதிய பதிப்பு வந்தது; அப்புறம் அந்த நிறுவனம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கிக் கணக்கை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

கூகுள் புதிய பதிப்பை வெளியிட்டதும் அது சிப் தயாரிப்பவர், போன் நிறுவனம் என்று கைமாறித்தான் நம்மிடம் வரும். 2017-ல் ஆண்ட்ராய்டு 8-ஓடு வந்த 'டிரெபிள்' ஏற்பாடு, சிப் சார்ந்த பகுதியைத் தனியாகப் பிரித்து அந்த வேலையை எளிதாக்கியது. எனவே மேலே மாடி எவ்வளவு கனம் என்பதைவிட, நிறுவனத்துக்கு மனம் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. 2023-ல் பிக்ஸல் 8-க்குக் கூகுள் 7 ஆண்டு அப்டேட் என்று அறிவித்தது. சில மாதங்களில், நிறைய மாற்றங்கள் கொண்ட ஒன் யூஐயோடு வந்த கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதே 7 ஆண்டைச் சொன்னது. விலை குறைந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கே 6 ஆண்டு. ஸ்டாக்கை ஒட்டிய மோட்டோரோலா ஜி வரிசையிலோ பல மாடல்களுக்கு ஒரே ஒரு பதிப்பும் 3 ஆண்டு பாதுகாப்பு அப்டேட்டும்தான்.

கடையில் கேட்க வேண்டியது, இந்த மாடல் எந்த ஆண்டு வெளியானது என்பதை. அப்டேட் காலம் பெரும்பாலும் அறிமுகமான நாளிலிருந்து எண்ணப்படுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு வருடப் பழைய மாடலில் இரண்டு வருடம் ஏற்கெனவே போயிருக்கும்.

எந்தப் போன் வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் பேட்டரி செட்டிங்கை மறுபடி பாருங்கள். சில போன்களில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இரவு மாத்திரை நேரம் வரை அம்மாவின் பக்கத்தில் இருந்து, அலாரம் அடிக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.