டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரைத் துவக்கும்போது அமைப்பு மதிப்புகளை எங்கே கொடுப்பது?

நினைவக அளவு, டேட்டாபேஸ் முகவரி மாதிரியான மதிப்புகளைக் கொடுக்க டாம்கேட்டின் துவக்க ஸ்கிரிப்டான கேட்டலினா.எஸ்ஹெச் (catalina.sh) கோப்பையே திருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அடுத்த பதிப்பை நிறுவும்போது திருத்தியதெல்லாம் போய்விடும்.

அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் அதே பின் (bin) கோப்புறையில் செட்என்வி.எஸ்ஹெச் (setenv.sh) என்று ஒரு கோப்பை நீங்களே உருவாக்குங்கள். டாம்கேட்டோடு அது வராது, ஆனால் இருந்தால் துவக்க ஸ்கிரிப்ட் தானாகவே அதைப் படித்துக்கொள்ளும்.

இனிமேல்தான் பலரும் குழம்பும் இடம். ஜாவா_ஆப்ட்ஸ் (JAVA_OPTS), கேட்டலினா_ஆப்ட்ஸ் (CATALINA_OPTS) என்று இரண்டு மாறிகள் இருக்கின்றன, பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் முதலாவது சர்வரை நிறுத்தும் கட்டளைக்கும் சேர்ந்தே போகும், இரண்டாவது துவக்கும்போது மட்டும். நிறுத்தும் கட்டளையும் தனியாக ஒரு ஜாவா புரோகிராம்தான் என்பதால், கண்காணிப்புக்கான ஜேஎம்எக்ஸ் (JMX) போர்ட்டை ஜாவா_ஆப்ட்ஸில் வைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் அதே போர்ட்டை இதுவும் கேட்டுப் பிழை காட்டி நின்றுவிடும், சர்வரும் நிற்காது. எனவே ஹீப் அளவு (சர்வருக்கான நினைவக அளவு), ஜேஎம்எக்ஸ் எல்லாம் கேட்டலினா_ஆப்ட்ஸில்.

சரி, கடவுச்சொல்? அதை மைனஸ் டி (-D) போட்டு ஜாவா கட்டளை வரியிலேயே கொடுக்காதீர்கள். அதே கணினியில், ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் பிஎஸ் (ps) கட்டளை அடிக்கும் யார் கண்ணிலும் பொதுவாக அது அப்படியே படும். சூழல் மாறியாக ஏற்றுமதி செய்வது கொஞ்சம் பரவாயில்லை, அப்போதும் அதை எழுதிய செட்என்வி.எஸ்ஹெச் கோப்பை டாம்கேட் ஓடும் பயனர் மட்டும் படிக்கும்படி அனுமதியைக் குறைத்துவிடுங்கள்.

அப்புறம், லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி (systemd) வழியாக இயக்கினால், உங்கள் டெர்மினலுக்கான அமைப்புகள் இருக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் எழுதிய எதுவும் சர்வருக்குப் போய்ச் சேராது. அவற்றைத் தனிக் கோப்பில் எழுதி, சிஸ்டம்டி படிக்கும் யூனிட் கோப்பில் அதைக் காட்டும் என்விரான்மென்ட்ஃபைல் (EnvironmentFile) வரியைச் சேர்க்கலாம்.