'சாலையும் பயணமும்': போட்டி விதியை எப்படிப் புரிந்துகொள்வது?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்கிறார்:

"மதுரையில் உள்ள ஒரு புகைப்பட அமைப்பு இந்த மாதச் சவாலுக்கு 'சாலையும் பயணமும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறது. படம் இந்த மாதத்தில், மதுரை மாவட்டத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே படம். படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. ஏற்பாடு செய்து எடுத்த காட்சி கூடாது. வரும் படங்களை அமைப்பு பயன்படுத்திக்கொள்ளும். இவ்வளவுதான் விதி, விளக்கம் ஏதும் இல்லை. வயலுக்குப் போகும் வண்டிப்பாதை சாலையில் சேருமா? ரயில் தண்டவாளம்? போன சித்திரைத் திருவிழாவில் அழகர்கோவில் சாலையில் எடுத்த அருமையான படம் ஒன்று இருக்கிறது, அதை அனுப்பலாமா? ஒரு பாட்டியின் வெடித்த பாதங்களை மட்டும் எடுத்து 'பயணம்' என்று பெயர் வைத்தால் ஏற்பார்களா? குறுக்கே போகும் மின்கம்பியை அழிக்கலாமா? நான் மொபைலில்தான் எடுக்கிறேன்."

நல்ல கேள்விகள். இவற்றில் பாதி எல்லாப் போட்டியிலும் வருபவை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன விதிகள் எல்லாம் ஒரே வகை இல்லை. தேதி, மாவட்டம், எண்ணிக்கை, திருத்தம் ஆகியவை வாசலிலேயே நிறுத்திப் பார்க்கும் விதிகள். படம் நடுவரின் கண்ணுக்குப் போகும் முன்பே யாரோ ஒருவர் பட்டியலை வைத்துச் சரிபார்த்துவிடுவார். அங்கே படம் எவ்வளவு அழகு என்று யாரும் பார்ப்பதில்லை. தலைப்பு அப்படி இல்லை. அது நடுவர் பார்த்து, யோசித்து முடிவு செய்வது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "ரெண்டு நாள்தானே முன்னே பின்னே" என்று தேதியைத் தளர்த்திக்கொள்கிறார்கள்; "தார் ரோடு தெரிந்தே ஆக வேண்டும்" என்று தலைப்பை இறுக்கிக்கொள்கிறார்கள். வாசல் விதியை எழுத்துக்கு எழுத்து படியுங்கள், தலைப்பைத் தாராளமாகப் படியுங்கள்.

ஆகவே சித்திரைத் திருவிழாப் படம் வேண்டாம். எவ்வளவு அருமையாக இருந்தாலும் அது இந்த மாதப் படம் இல்லை. இந்த மாதம் எடிட் செய்தேன் என்பதும் செல்லாது; எடுத்த தேதிதான் கணக்கு. அந்தத் தேதி படக் கோப்புக்குள்ளேயே எக்ஸிஃப் தகவலாகப் பதிவாகியிருக்கும். ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் போய்விடும், படமும் சுருங்கிவிடும். ஒழுங்காக இந்த மாதமே எடுத்தவர்கூட நிரூபிக்க முடியாமல் நிற்க நேரிடும். மின்னஞ்சலில் மூலக் கோப்பை இணைத்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். கேமராவில் எடுப்பவர்கள் அதில் தேதி சரியாக இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிட வேண்டும்.

மாவட்ட விதியில் மதுரைக்காரர்கள் சறுக்குவது அதிகம். நாம் மதுரை என்று நினைக்கும் பல இடங்கள் அரசுக் கணக்கில் மதுரை மாவட்டம் இல்லை. கீழடி நகரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான், ஆனால் சிவகங்கை மாவட்டம். திருப்புவனமும் அப்படித்தான். நத்தம், சிறுமலை, கொடைரோடு எல்லாம் திண்டுக்கல். வைகை அணை தேனி. 1985இல் திண்டுக்கல்லும் 1990களில் தேனியும் பிரிந்துபோனது பெரியவர்கள் பேச்சில் இன்னும் முழுதாக ஏறவில்லை. உங்களுக்கு ஆசை வரக்கூடிய இடம் ஆண்டிபட்டிக் கணவாய். வளைந்து ஏறும் சாலை, பின்னால் மலை, தலைப்புக்கென்றே அமைந்தது போலத் தெரியும். ஆனால் எல்லை அங்கேயே குறுக்கிடுகிறது. கணவாயைத் தாண்டி நின்று எடுத்தால் அது தேனி மாவட்டப் படம். எடுக்கும்போது மொபைலில் லொகேஷனை ஆன் செய்து வையுங்கள். சந்தேகம் வந்தால் கோப்பே பதில் சொல்லும்.

சரி, தலைப்புக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

'சாலையும் பயணமும்' என்றால் இரண்டும் ஒரே படத்தில் வேண்டுமா, ஏதாவது ஒன்று போதுமா? விதியில் தெளிவு இல்லாதபோது இரண்டும் வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உள்ள படத்தை எந்த நடுவரும் தள்ள முடியாது. ஒன்று மட்டும் உள்ள படத்தை ஒருவர் ஏற்பார், இன்னொருவர் தயங்குவார். 2023இல் திறந்த நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு கிலோமீட்டருக்கு மேல் தூண்களின் மேலேயே ஓடுகிறது. காலை வெளிச்சத்தில் அதன் வளைவு அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெறும் பாலத்தை எடுத்தால் அது கட்டடக்கலைப் படம். அதே வளைவின் கீழே, தூண் நிழலில், டவுன் பஸ்ஸுக்காக மூட்டையோடு நிற்கும் ஒரு குடும்பத்தையும் சேர்த்து எடுத்தால் பயணம் உள்ளே வந்துவிடுகிறது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. படத்தைத் திரையில் வைத்துச் சாலையைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். படம் சொல்லும் விஷயம் மாறாமல் அப்படியே நிற்கிறது என்றால் சாலை அங்கே வெறும் தரை. படம் சரிந்துவிட்டால் சாலைதான் அதைத் தாங்குகிறது. அடுத்து ஆளையோ வண்டியையோ மறைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் சரிகிற படம்தான் தலைப்புக்குள் உறுதியாக நிற்கும். பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு விரையும் டிவிஎஸ் 50 ஒன்றை நினைத்துப் பாருங்கள். வண்டியை மறைத்தால் வெற்றுச் சாலை, சாலையை மறைத்தால் நிறுத்திவைத்த வண்டி.

இப்போது உங்கள் வண்டிப்பாதை. தாராளமாகச் சாலைதான். விதியில் 'தார்ச்சாலை' என்றோ 'நெடுஞ்சாலை' என்றோ இல்லை. மனிதர்கள் மீண்டும் மீண்டும் போய் உண்டாக்கிய வழி எதுவும் இந்தத் தலைப்புக்குள் வரும். மதுரை நகரத்தையே பாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று அடுக்கடுக்காகப் போகின்றன. மாசி வீதியில் தேர் ஓடுகிறது. சாமி புறப்பாட்டுக்கு வீதி வேண்டும் என்ற எண்ணத்தில் வளர்ந்த ஊர் இது. தேர்ப்பாதை சாலை இல்லை என்று இங்கே எந்த நடுவரும் சொல்ல மாட்டார். அதே நேரம், இறுக்கமாகப் பார்க்க வேண்டிய இடமும் உண்டு. அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும் காட்சி பயணத்தின் உச்சம்தான், ஆனால் படத்தில் சாலை இல்லை, ஆறும் கூட்டமும்தான் இருக்கின்றன. மலையிலிருந்து வரும் அவரை எதிர்கொண்டு அழைக்க ஜனங்கள் சாலை நெடுகக் காத்திருக்கும் எதிர்சேவை இந்தத் தலைப்புக்கு இன்னும் நெருக்கம். அடுத்த சித்திரைக்கு இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணம் என்றால் வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. காத்திருப்பதும் தங்குவதும் பயணம்தான். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் வழிப்போக்கர்களுக்காகவே உண்டானது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர், அவர் போட்ட சாலைகளாலும் சத்திரங்களாலும்தான் இன்றும் மக்கள் வாயில் இருக்கிறது. கப்பலூர் டோல்கேட்டில் வரிசையில் நிற்கும் லாரி டிரைவரின் முகம், கண்ணாடியில் முன்னால் உள்ள வரிசையின் பிரதிபலிப்போடு கிடைத்தால், அதுவும் முழுமையான பயணப் படம்.

தண்டவாளம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பயணம் இருக்கிறது, சாலை இல்லை. கண்டிப்பான நடுவர் தள்ளிவிடலாம். அதைவிட முக்கியமாக, தண்டவாளத்தில் அனுமதியின்றி இறங்குவது ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே விதிக்கலாம். உயிர் ஆபத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் மதுரை–போடி பாதை உங்கள் ஊர் வழியாகத்தானே போகிறது! 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயில் நின்று, அகலப்பாதையாகி, மீண்டும் தேனி வரை 2022இலும் போடி வரை 2023இலும் ரயில் வந்தது. அந்தப் பாதையில் ஒரு ரயில்வே கேட்டைத் தேடுங்கள். கேட் மூடியிருக்க, இந்தப் பக்கம் பைக், ஆடு ஏற்றிய மினி வேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள்; பின்னால் ரயில் கடந்து போகிறது. சாலையும் பயணமும் ஒரே படத்துக்குள் வந்துவிடும். நீங்களும் கேட்டுக்கு வெளியே பத்திரமாக நிற்பீர்கள்.

பாட்டியின் பாதங்கள் விஷயத்தில் உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் பாதங்கள் மட்டும் போதாது. நடுவர் முதலில் படத்தைப் பார்ப்பார், பெயர் பிறகுதான் வரும். பல போட்டிகளில் பெயர் அவருக்குத் தெரிவதே இல்லை. பெயரை எடுத்தால் விழுந்துவிடும் படத்தை அனுப்பாதீர்கள். அமெரிக்காவின் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏவின் பயணப் பிரிவு விதி இங்கே உதவும். மிக அருகிலிருந்து எடுத்தாலும் இடத்தைத் தெரிவிக்கும் ஏதாவது அடையாளம் படத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. நம் ஊர்ப் போட்டிகள் பலவும் அந்த விதிகளைப் பார்த்து எழுதப்பட்டவைதான். அதனால் இரண்டடி பின்னால் வாருங்கள். பாதங்களுக்கு அருகே மைல்கல் ஒன்று வரட்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலை என்றால் பச்சைத் தலை. கல்லில் ஊர்ப்பெயரும் தூரமும் தமிழில் இருக்கும். இடம், சாலை, நடை மூன்றும் அந்த ஒரு கல்லால் உள்ளே வந்துவிடும். ஆனால் பாட்டியைக் கல்லுக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தினால் அது ஏற்பாடு செய்த காட்சி. "படம் எடுத்துக்கட்டுமா பாட்டி?" என்று கேட்பது ஏற்பாடு இல்லை, அது மரியாதை, கட்டாயம் கேளுங்கள். "அந்தக் கல்லுக்கிட்ட வந்து நில்லுங்க", "திரும்ப ஒருதரம் நடந்து வாங்க" என்பதுதான் ஏற்பாடு. தோழியை நடக்கவைத்து எடுப்பதும் இதில் சேரும். நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதுதான் வழி.

மின்கம்பியை அழிக்கக் கூடாது. விதி நேரடியாகவே தடுக்கிறது. வெளிச்சம், நிறம், மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) ஆகியவற்றை இயல்பு கெடாமல் சரிசெய்வதும், ஓரத்தை வெட்டுவதும் பொதுவாக ஏற்கப்படும். முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்குவதும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வானத்தை மாற்றுவது, ஆளை நீக்குவது, ஏஐ அழிப்பானைத் தொடுவது எல்லாம் வெளியே. மூலக் கோப்பைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. கம்பி உறுத்தினால் எடுக்கும்போதே இரண்டடி நகருங்கள், குனிந்து எடுங்கள். சில சாலைகளில் கம்பியே பார்வையைத் தொலைவுக்கு இழுத்துப்போகும். அதையும் பயன்படுத்திப் பாருங்கள்.

மொபைலில் எடுப்பது தடை இல்லை. ஆனால் அழகூட்டும் வடிகட்டி, தேதி முத்திரை, கம்பெனி பெயர் முத்திரை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மொபைல் தானாகவே அடுத்தடுத்து எடுத்த பல படங்களைச் சேர்த்து ஒரு படமாக்குவதை அமைப்புகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இரவில் வண்டி விளக்குகளைக் கோடுகளாக்கும் தனி வசதி வேறு விஷயம். அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். ட்ரோனை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: விமான நிலைய எல்லையிலிருந்து 12 கிலோமீட்டர் வரை வான்வெளிக் கட்டுப்பாடு உண்டு, மதுரை நகரின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "எந்த மாதிரிப் படம் அனுப்பலாம்?" என்று கேட்டால் "தலைப்புக்கு ஏற்றது" என்றுதான் பதில் வரும். "மண்பாதை தலைப்புக்குள் வருமா?" என்று, ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய மாதிரி, ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். அனுப்பப்போகும் படத்தை மட்டும் காட்டிவிடாதீர்கள், பெயர் தெரியாமல் மதிப்பிடும் போட்டியில் அது உங்களுக்கே எதிராகத் திரும்பலாம். முந்தைய மாதங்களில் ஏற்கப்பட்ட படங்களைப் பாருங்கள். அவர்கள் தலைப்பை எவ்வளவு தளர்வாகப் பார்க்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்காமல் விட்ட கடைசி விதியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். "அமைப்பு பயன்படுத்திக்கொள்ளும்" என்று மொட்டையாக இருக்கிறது. எதற்கு, எவ்வளவு காலம், பெயர் போடுவார்களா என்று எதுவும் இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக எடுத்த படத்தின் உரிமை உங்களுடையது. அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையொப்பமும் வேண்டும். போட்டியின் கண்காட்சிக்கும் அறிவிப்புக்கும் பயன்படுத்துவது நியாயம், அதைத் தடுக்க வேண்டாம். காலண்டர் அடித்து விற்பதும், வேறு நிறுவனத்துக்குக் கொடுப்பதும் அதில் சேருமா என்பதை மண்பாதைக் கேள்வியோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். பதில் வந்த பிறகு படத்தை அனுப்புங்கள்.